நாலு விரல்

ராஜப்ரியாவுக்குக் காரைக்குடி ஆட்களை முகத்தை வைத்துத் தெரியாது. குதிகாலை வைத்துத் தெரியும். கல்லுக்கட்டிப் பக்கம் காய் வாங்கப் போகும்போது முன்னால் யாராவது நடந்து போனால், இந்தப் பித்தவெடிப்பை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று நடையைக் குறைப்பாள். பிறகு கொலுசு, சேலைக்கரை என்று மேலே போவாள். சந்தேகம் தீர்ந்ததும் பக்கத்தில் போய், "அக்கா, மகனுக்குப் பல்லு முளைச்சிருச்சா?" என்பாள்.

அந்த அக்கா திரும்பி முழிப்பார். அவர் இவளைப் பார்த்ததே இல்லை. அவர் மகனின் இடுப்பை இவள் அரை மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள் என்பதும் அவருக்குத் தெரியாது.

செக்காலை ரோட்டில் ஸ்ரீதர் நடத்தும் ஸ்டுடியோவில் அவளுடைய வேலை அது. உட்காரத் தெரியாத குழந்தைகளை உட்காரவைப்பது. நாற்காலியின் மேல் தரைவரை தொங்கும் ஒரு பட்டு விரிப்பு. அதில் மடிப்புக்குள் மறைகிற மாதிரி இரண்டு கிழிசல், ராஜப்ரியாவே வெட்டி ஓரம் தைத்தது. நாற்காலிக்குப் பின்னால், விரிப்புக்குள், அவள் குத்தவைத்திருப்பாள். கிழிசல் வழியாகக் கைகள் முன்னே போய்க் குழந்தையின் சட்டைக்குள் ஒளிந்துகொள்ளும். படத்தில் ஏழு மாதக் குழந்தை யார் துணையும் இல்லாமல் ஜமீன்தார் மாதிரி வீற்றிருக்கும். இரண்டு பக்கமும் அம்மாவும் அப்பாவும் நின்று சிரிப்பார்கள். விரிப்பின் அடியில் இருக்கும் இடுக்கு வழியாக ராஜப்ரியாவுக்குத் தெரிவது அவர்களுடைய குதிகால் மட்டும்.

வேலைக்குச் சேர்ந்த கதை சின்னது. கல்யாணமான புதிதில் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு குடும்பம். ஸ்டூலில் வைத்த குழந்தை அரிசி மூட்டை மாதிரி ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டே இருந்தது. பார்க்கப் பொறுக்காமல் இவள் போய் ஸ்டூலுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடித்தாள். ஸ்ரீதர் படத்தை எடுத்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தார்.

"நீங்க எங்கயும் வேலை பாக்குறீகளா?"

"இல்லையே."

"பாக்குறீக. நாளைக்குக் காலையில வந்துருங்க."

அன்றைக்கு அவளுடைய போட்டோவை எடுக்க இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள்.

நாற்காலிக்குப் பின்னால் ஆள் இருப்பதை ஸ்ரீதர் வாடிக்கையாளர்களிடம் சொல்வதில்லை. ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அந்தத் தாய் படம் முழுக்கப் பின்னால் திரும்பி, "கெட்டியாப் பிடிச்சிருக்கியாம்மா? விட்றாத தாயி" என்று பேசிக்கொண்டே இருந்தார். அவர் திரும்பவே குழந்தையும் திரும்பியது. ஆல்பம் முழுக்கப் பின்னந்தலை. அதிலிருந்து, "நாற்காலியில பெல்ட் இருக்கு, விழாது" என்று சொல்லிவிடுவார். குடும்பம் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் பெல்ட் உள்ளே போய் உட்கார்ந்திருக்கும்.

"கையைக் கம்ப்யூட்டர்ல அழிச்சிறலாமே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று அவள் கணவன் பாண்டீஸ்வரன் கேட்டான். அவன் தச்சன், இப்போது வீடுகளுக்கு மாடுலர் கிச்சன் போடுகிறான். அதையும் ஸ்ரீதர் செய்து பார்த்திருந்தார். கையோடு சேர்த்துக் குழந்தையின் இடுப்பும் அழிந்து போய், கீழ்ப் பாதி நாற்காலியிலும் மேல் பாதி காற்றிலும் நின்றது.

ஆகவே கை தெரியக் கூடாது. அந்த ஸ்டுடியோவில் இருந்த ஒரே சட்டம் அது. இத்தனை வருடத்தில் ஒரு படத்தில்கூட அவளுடைய நகம் தெரிந்ததில்லை. அதில் ராஜப்ரியாவுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பாண்டீஸ்வரன், "இன்னைக்கு யாரு சண்டை?" என்று ஆவலாகக் கேட்பான். குடும்பப் படத்துக்கு நிற்பவர்கள் உதடு அசையாமல் சண்டை போடுவார்கள் என்பது நாற்காலிக்குப் பின்னால் இருப்பவளுக்குத்தான் தெரியும். முன்னால் பார்த்தால் சிரிப்பு. பின்னால் இருந்து கேட்டால், "உங்க தங்கச்சி கட்டியிருக்கது என்னோட சேலை." "அப்புறம் பேசலாம், காமெராவைப் பாரு." "அப்புறம்னா எப்ப? நீங்க செத்தப்புறமா?" பிறகு ஸ்ரீதரின் குரல்: "சூப்பர், அப்படியே சிரிங்க!"

நெற்குப்பைக்கு ஸ்ரீதரும் ராஜப்ரியாவும் போனது காசிச் செட்டியாரின் அறுபதாம் கல்யாணத்துக்கு மறுநாள். பெங்களூரிலிருந்து மகன் கார்த்திகேய சிவம் வந்திருந்தான், மனைவி சிவரஞ்சனியோடும் இரண்டு குழந்தைகளோடும். மூத்தவள் சீதைக்கு மூன்று வயது. இளையவன் இராமுவுக்கு எட்டு மாதம், இன்னும் உட்கார வரவில்லை. எல்லாரும் ஊருக்குக் கிளம்புவதற்குள் வீட்டு வளவில், நடுமுற்றத்து வெளிச்சத்தில், ஒரு படம் வேண்டும்.

ஸ்டுடியோ நாற்காலியை வேனிலிருந்து இறக்கியதும் சிவரஞ்சனி முகம் சுளித்தாள். "இது பார்லர் சேர் மாதிரி இருக்கு. அந்தா மூலையில ஒண்ணு கிடக்கே, அதுல எடுப்போம்."

மூலையில் சுவரைப் பார்த்தபடி ஒரு பர்மா தேக்கு நாற்காலி இருந்தது. சாய்மானத்துக்கும் பலகைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி. ஸ்ரீதர் அதைத்தான் முதலில் பார்த்தார்.

"அது வேண்டாம்" என்றார் செட்டியாரின் மனைவி லட்சுமி ஆச்சி. "அது எங்க அயித்தை நாற்காலி."

விரிப்பை உதறிக்கொண்டிருந்த ராஜப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். ஆச்சி நாற்காலியைப் பார்க்காமல் பேசினார்.

"அவுக போய் ரெண்டு வருஷமாச்சு" என்றார் செட்டியார். "பேரன் பிள்ளை உக்காந்தா ஆத்தாளுக்குச் சந்தோஷந்தானே? தூக்கிட்டு வாங்க தம்பி."

அவருடைய தாயார் கண்ணாத்தாள் ஆச்சி அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் வீட்டை நடத்தியவர். அடுப்படி வாசல், சாமான் அறை வாசல், தெரு வாசல் மூன்றும் தெரிகிற ஒரே இடத்தில் அது இருந்தது. வேறு யாரும் அதில் உட்கார்ந்ததில்லை. அவர் போன பிறகு அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தது லட்சுமி ஆச்சிதான். தூசி படியும் என்று காரணம் சொன்னார்.

குடும்பம் உடை மாற்றிக்கொண்டு வருவதற்குள் விரிப்பு நாற்காலிமேலும் ராஜப்ரியா விரிப்புக்குள்ளும் போயாயிற்று. படம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சீதை சிரித்தாள். இராமு கட்டை விரலைச் சூப்பினான். அப்போது செட்டியார் குனிந்து பேரனைப் பார்த்து ஏதோ குழைந்தார். இராமுவுக்கு அவருடைய மூக்குக் கண்ணாடி வேண்டியிருந்தது. இரண்டு கையையும் நீட்டி ஒரே பாய்ச்சல். ராஜப்ரியாவின் பிடி இடுப்பில் நழுவியது. சட்டென்று வலது கை வெளியே வந்து அவன் தோளைப் பிடித்தது, இழுத்தது, உள்ளே போனது.

"இதுதான்! இதுதான் படம்!" என்று ஸ்ரீதர் கூவினார்.

உண்மையில் அதுதான் படம். இராமு வாய் கொள்ளாமல் சிரிக்கிறான், சீதை கை கொட்டுகிறாள், செட்டியார் கண்ணாடி நழுவ நழுவச் சிரிக்கிறார். ஸ்ரீதர் முகங்களைப் பார்க்கிறவர். முகம் சரியாக இருந்தால் அவருக்கு எல்லாம் சரி. பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டு, அனுப்பத் தயாரானபோது அதைச் சுற்றிக் கட்ட உட்கார்ந்த ராஜப்ரியாதான் பார்த்தாள். இராமுவின் தோளில் நாலு விரல். நகங்களில் நீலப் பூச்சு. ஆள்காட்டி விரலில் மட்டும் பாதி உரிந்திருந்தது. போன திருவிழாவில் அவளே வாங்கிப் போட்டுக்கொண்டது.

ஸ்ரீதரைக் கூப்பிட வாயெடுத்தாள். பிறகு யோசித்தாள். படத்தில் எல்லாரும் அவரவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள். தோளை யார் பார்க்கப் போகிறார்கள்? பிளாஸ்டிக் தாளை வேகமாகச் சுற்றி டேப்பை ஒட்டினாள்.

மறுநாள் காலை காசிச் செட்டியாரின் கார் ஸ்டுடியோ வாசலில் நின்றது. ஸ்ரீதர் எழுந்துவிட்டார். செட்டியார் செல்போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். ஸ்ரீதர் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ராஜப்ரியாவைப் பார்த்தார். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"ஐயா, நாளைக்கே மாத்தி..."

"எங்க ஆத்தா" என்றார் செட்டியார். "தோள்ல கை வச்சாகன்னா கட்டை விரல் படாது. நாலு விரல்தான். சின்ன வயசுல எனக்கு அப்படித்தான் வைப்பாக. பிள்ளை விழுந்துறக் கூடாதுன்னு வந்து பிடிச்சிருக்காக பாத்தீகளா?"

ஸ்ரீதர் மறுக்கத்தான் வாயைத் திறந்தார். பிறகு ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த ஆட்டல்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

"நகத்துல மட்டும் நீலமா..." என்று இழுத்தார்.

"நானும் யோசிச்சேன். ஆத்தாளுக்கு நீலம்னா உசுரு. இங்க இருந்தவரைக்கும் மருதாணியோட சரி. அங்க போட்டுக்கிட்டா யாரு கேக்கப் போறா?"

ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் எல்லாரும் குழந்தைகளைக் கொண்டுவருகிறார்களாம். அதே வளவு, அதே நாற்காலி. ஒவ்வொரு குழந்தையையும் அதில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். "ஆத்தா வந்தா வரட்டும். வராட்டி நம்ம குடுத்து வைக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் நகர்ந்ததும் ஸ்ரீதர் மின்விசிறியை வேகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை நாலு விரல் வெளிய தெரியணும்" என்றார்.

"தெரியக் கூடாதும்பீகளே சார்?"

"அது போன வாரம் வரைக்கும். கட்டை விரல் வந்துறக் கூடாது. அந்தப் பூச்சையும் அழிச்சிறாத."

"இன்னும் உரிஞ்சிருமே."

"உரிய உரியக் கொஞ்சம் போட்டுக்க. ஆனா அந்த ஆள்காட்டி விரல்ல பாதிதான் இருக்கணும்."

பாண்டீஸ்வரன் இதைக் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்று முழுக்க அவளை ஆச்சி என்றே கூப்பிட்டான். "ஆச்சி, ரசம் ஊத்துங்க. நாலு விரலால ஊத்தாதீக, சிந்தும்." அவளும் சிரித்தாள். யாருக்கும் நட்டமில்லாத பொய் என்றுதான் அப்போது தோன்றியது.

வியாழக்கிழமை மதியம் ஸ்டுடியோ வாசலில் ஒரு ஜோடிக் கால் தயங்கி நின்றது. மெலிந்த கால். இரண்டாம் விரல் பெருவிரலைவிட நீளம். ராஜப்ரியா முகத்தைப் பார்க்காமலே, "வாங்க ஆச்சி" என்றாள்.

லட்சுமி ஆச்சி பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டபோது யோசித்து, "எதுக்காவது வேணும்ல?" என்றார். ஸ்ரீதர் உள்ளே விளக்கைப் போடப் போனதும் குரலைத் தாழ்த்தினார்.

"தாயி, அன்னைக்கு நீயும் வந்திருந்தேல்ல? அந்த நாற்காலிக்குப் பின்னுக்குட்டு யாரும் இருந்தாகளா?"

உள்ளே சுவிட்சுகளின் சத்தம் நின்றது.

"யாரும் இல்லையே ஆச்சி" என்றாள் ராஜப்ரியா.

"பெல்ட்டு மட்டுந்தானா?"

"பெல்ட்டுதான்."

ஆச்சி முகம் அப்படியே இறங்கிப் போனது. அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அவுக நல்லவுகதான். மகராசி. ஒரு நாளும் கை நீட்டுனதில்ல. ஆனா முப்பத்தஞ்சு வருஷம் அந்த நாற்காலியில இருந்து பாத்துக்கிட்டே இருந்தாக. வெங்காயத்தை வதக்குனா, போதும்பாக. எண்ணெய் ஊத்துனா, இது என்ன கண்மாயாம்பாக. காப்பியில ரெண்டாவது கரண்டி சீனி போட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாக. தொண்டையைச் செருமுவாக. அவ்வளவுதான். இந்த ரெண்டு வருஷமாத்தான் பகல்ல சீரியல் பாக்குறேன். படத்தைக் கொண்டாந்து அடுப்படிக்கு எதுக்க மாட்டிப்புட்டாக. இப்ப டிவியைப் போட்டா அந்தக் கை பாக்குது."

"கை எப்படி ஆச்சி பாக்கும்?"

"உனக்கு அவுகளத் தெரியாது" என்றார் ஆச்சி. "சீனியை விட்டுட்டேன். சீரியலையும் விட்டுட்டேன். தூக்கந்தான் வர மாட்டேங்குது."

பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் அவர் திருடிப் பிடிபட்டவர் மாதிரி இருந்தார். அவர் போனதும் ராஜப்ரியா ஸ்ரீதருக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், இந்த ஆச்சிட்ட மட்டும் சொல்லிருவோம்."

"ஒரு ஆச்சிட்ட சொன்னா நெற்குப்பைக்கே தண்டோராப் போட்ட மாதிரி. அப்புறம் அங்க இருந்து ஆத்தங்குடி, நாச்சியாபுரம், காரைக்குடி. செத்தவுகள வச்சு ஏமாத்துனான்னு பேராயிரும். யாரு பிள்ளையைக் கொண்டாருவா? நீயும் வீட்டுல இருக்க வேண்டியதுதான்."

"தூங்கலைங்கிறாக சார்."

ஸ்ரீதர் கெட்டவர் இல்லை. அவர் முகமும் தூங்காத முகமாகத்தான் இருந்தது. "நான் ஒரு தடவை தலையை ஆட்டிட்டேன் ராஜி. ஆட்டுன தலையை எப்படித் திருப்பி ஆட்டுறது, நீயே சொல்லு" என்றார்.

அடுத்த மூன்று நாளும் அவள் காப்பியில் சீனி போடும்போதெல்லாம் யாரோ தொண்டையைச் செருமுவது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வளவு கல்யாண வீடு மாதிரி இருந்தது. எங்கு பார்த்தாலும் கைக்குழந்தைகள். நாச்சியாபுரத்திலிருந்து ஒரு தம்பதி இரட்டையரோடு வந்திருந்தார்கள். நாற்காலி மறுபடி அதன் பழைய இடத்துக்கே வந்திருந்தது, அடுப்படியைப் பார்த்து. யாரோ அதற்கு மல்லிகை மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் சாம்பிராணி புகைந்தது.

இத்தனை கண்களுக்கு நடுவில் கை எப்படி வெளியே வரும் என்பதற்கு ஸ்ரீதர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். எல்லாரையும் கூடத்தில் சாப்பிட அனுப்பிவிட்டு ராஜப்ரியாவை விரிப்புக்குள் உட்காரவைத்தார். அவர்கள் திரும்பி வந்ததும் கணீரென்று சொன்னார்: "நான் ரெடின்னு சொன்னதும் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கங்க. கண்ணைத் திறந்து வச்சிருந்தா வர மாட்டாக."

முதல் குழந்தை. ரெடி. நாலு விரல். கிளிக். உள்ளே.

"வந்தாகளா?" என்றார் செட்டியார், கண்ணைத் திறந்து.

"கழுவித்தான்... கம்ப்யூட்டர்ல போட்டுத்தான் பாக்கணும்" என்றார் ஸ்ரீதர்.

இரண்டாவது குழந்தை. ரெடி. நாலு விரல்.

"நீலக் கை!" என்றது ஒரு குரல்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். கை இல்லை. சீதை நாற்காலியைச் சுட்டிக் காட்டி நின்றாள். மூன்று வயதுக்காரியிடம் கண்ணை மூடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"பாத்தியளா, பிள்ளை கண்ணுக்குத் தெரியுது!" என்று ஒரு பங்காளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வளவே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்த ஆரவாரத்தில் சீதை நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனதையும், விரிப்பின் ஓரத்தைத் தூக்கியதையும் யாரும் கவனிக்கவில்லை.

ராஜப்ரியா உதட்டில் விரலை வைத்தாள்.

"ஆன்ட்டி, ஒளிஞ்சு விளையாடுறீங்களா?" என்றாள் சீதை ரகசியமாக. பதிலுக்குக் காத்திராமல் உள்ளே புகுந்து அவள் பக்கத்தில் குத்தவைத்துக்கொண்டாள்.

உள்ளே சாம்பிராணிப் புகை சேர்ந்துகொண்டே இருந்தது. ராஜப்ரியாவுக்கு மூக்கு அரித்தது. வெளியே செட்டியார் சொன்னார்: "லட்சுமி, நீ இராமுவைத் தூக்கிட்டு வா. நீதான் இந்த வீட்டு மருமக. ஆத்தாட்ட ஒரு வார்த்தை கேட்டுக்க."

அந்த மெலிந்த கால்கள் நாற்காலிக்கு அருகே வந்தன. நீளமான இரண்டாம் விரல்கள் தரையைப் பற்றிக்கொள்வது போல மடங்கி இருந்தன. இராமு பலகையில் இறங்கினான். ராஜப்ரியாவின் கைகள் அவனைப் பிடித்தன. ஸ்ரீதர் ரெடி என்றார். வளவு முழுக்கக் கண்ணை மூடியது.

லட்சுமி ஆச்சி கண்ணை மூடவில்லை. அவர் குனிந்தார். நாற்காலிக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"அயித்தை, டிவி பாத்தது தப்புதான். நாற்காலியைச் சுவத்துப் பக்கம் திருப்புனதும் தப்புதான். தூசின்னு சொன்னது பொய். சீனியைக்கூட நிறுத்திட்டேன். போயிருங்க அயித்தை. கோவிச்சுக்கிடாம போயிருங்க."

அந்தக் கால்கள் அரை அடி பின்வாங்கின.

வெளியே வர வேண்டிய நாலு விரல் வெளியே வரவில்லை. ஸ்ரீதர் இன்னொரு முறை ரெடி என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது.

"ஆச்சி" என்றாள் ராஜப்ரியா விரிப்புக்குள்ளிருந்து, மிக மெல்ல. "பயப்படாதீக. நான் ஸ்டுடியோப் பிள்ளை. ராஜப்ரியா."

பிறகு விரிப்பின் ஓரம் உயர்ந்தது. லட்சுமி ஆச்சியின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. உள்ளே புகையில் கண்ணும் மூக்கும் ஒழுக ஒருத்தி, அவள் பக்கத்தில் தன் பேத்தி.

"நீயா?"

"நான்தான் ஆச்சி. அன்னைக்கும் நான்தான். பெல்ட்டெல்லாம் கிடையாது."

"ஒளிஞ்சு விளையாடுறோம் அப்பத்தா" என்றாள் சீதை.

அதற்குமேல் அடக்க முடியாமல் ராஜப்ரியா தும்மினாள். அந்தத் தும்மலில் மாலை நழுவி விழுந்தது. வளவு முழுக்கக் கண்ணைத் திறந்தது.

ஏமாத்துக்காரப் பயலுக என்று யாரோ சொன்னார்கள். ஸ்ரீதர் காமெராவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அன்றைக்கு ஒளிய இடம் தேடியது அவர்தான். காசிச் செட்டியார் மெதுவாக நடந்து வந்தார்.

"கையைக் காட்டு."

வெளியே வந்த ராஜப்ரியா இராமுவை ஒரு கையில் தூக்கிக்கொண்டு இன்னொரு கையை நீட்டினாள். செட்டியார் நகங்களைப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் வெகு நேரம் பார்த்தார்.

"அப்ப ஆத்தா இல்லையா?"

"இல்லைங்கய்யா. பேரன் உங்க கண்ணாடிக்குப் பாஞ்சான். விழுந்துறப் பாத்தான். பிடிச்சேன். அம்புட்டுத்தான்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அழுகை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். லட்சுமி ஆச்சி சிரித்துக்கொண்டிருந்தார். முதலில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பிறகு தூணைப் பிடித்துக்கொண்டு, பிறகு ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல். "நீயா! அந்தச் சீனியை... உனக்காடி... சீரியல்ல கல்யாணமே முடிஞ்சு போச்சேடி, பாவி!" என்று சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கால் தள்ளாடியது. இராமுவை வாங்கிக்கொண்டு, பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல், உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்திருந்தது அந்த நாற்காலியில்.

ஆச்சிக்கே ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. எழுந்திருக்கப் போகிறவர் மாதிரி கைப்பிடியில் கை வைத்தார். அடுப்படி வாசலைப் பார்த்தார். சாமான் அறை வாசலைப் பார்த்தார். தெரு வாசலைப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இங்கிட்டு இருந்தா எல்லாந் தெரியுதே!" என்றார்.

செட்டியார் வாயைத் திறந்தார்.

"என்ன பாக்குறீக? உக்காந்துட்டேன். தம்பி, அங்க என்ன ஒளியுறீக? எடுங்க போட்டோவை."

ஸ்ரீதர் எடுத்தார். அன்றைக்கு அந்த நாற்காலியில் எடுத்த மீதிப் படங்கள் எல்லாவற்றிலும் குழந்தையை மடியில் வைத்திருப்பது லட்சுமி ஆச்சிதான். இரட்டையரைக்கூட விடவில்லை. எந்தக் குழந்தையும் விழவில்லை. ராஜப்ரியா காமெராவுக்குப் பக்கத்தில் செய்ய வேலை இல்லாமல் நின்றாள். அந்தக் குடும்பத்தின் முகங்களை அவள் ஒழுங்காகப் பார்த்தது அன்றைக்குத்தான். கைகளை மட்டும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பேர் கெடத்தான் செய்தது. இரண்டு குடும்பங்கள் கொடுத்திருந்த வேலையை வேண்டாம் என்றன. பிறகு வேறு சிலர் வந்து, "அந்த நீலக் கைக்காரப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார்கள். ஸ்ரீதர் பெல்ட் கதையை விட்டுவிட்டார். ஆல்பங்களில் பின்னந்தலை கூடியிருக்கிறது. நாலு விரல் தெரியும் படத்தைக் காசிச் செட்டியார் கழற்றவில்லை. அடுப்படிக்கு எதிரே இருந்து தன் அறைக்கு மாற்றிக்கொண்டார். கேட்கிறவர்களிடம், "ஸ்டுடியோப் பிள்ளை கை" என்கிறார். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் அதையே பார்ப்பாராம்.

இரண்டு மாதம் கழித்துக் கல்லுக்கட்டியில், தேங்காய்க் கடைப் பக்கம், ராஜப்ரியாவுக்கு முன்னால் மெலிந்த கால்கள் போயின. இரண்டாம் விரல் நீளம்.

"ஆச்சி" என்று கூப்பிட்டாள். "காப்பிக்குச் சீனி போட்டுக்கிடுறீகளா?"

அந்தக் கால்கள் நின்றன. ஆச்சி திரும்பவில்லை. ஒரு தேங்காயைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"மூணு கரண்டி."